காணொளிக்கு ஒரு 'ங்க'

2016 ஜூன் 13. சித்ரா, வயது இருபத்தொன்பது. பிறந்தது திருவெண்ணெய்நல்லூர், வசிப்பது திண்டிவனம். கணவர் ரஞ்சித், மினி லாரி ஓட்டுநர். இணையவழிக் கணினிக் கணக்கியல் சான்றிதழ் வகுப்பில் சித்ரா சேர்ந்த நாள் அது. இறுதித் தேர்வு விழுப்புரத்தில். தேர்ச்சிக்கு நாற்பது மதிப்பெண். தேறினால் உள்ளூர்க்காரர் அப்பாதுரையின் அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை என்று பேசியாகியிருந்தது.

பாடங்கள் எல்லாமே முன்பே பதிவு செய்த காணொளிகள். பள்ளி முடித்தபின் புத்தகம் தொடாத சித்ராவுக்கு, கைப்பேசித் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் மனத்தில் தங்கவில்லை. ஆகவே வகுப்பறையில் இருப்பதுபோலவே ஆசிரியருக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். "ஆமாங்க சார்." "இது புரியலீங்க, திரும்ப சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தானே காணொளியைப் பின்னுக்கு இழுப்பார். முதல் மூன்று அலகுத் தேர்வுகளில் 71, 74, 78.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பிய ரஞ்சித் கதவருகே நின்று இதைக் கேட்டார்.

"யாருடி அந்த சாரு?"

"பாடம் நடத்துறவருங்க. வீடியோ."

"வீடியோவுக்கு எவளாவது 'ங்க' போடுவாளா?"

அவரே காணொளியை ஓடவிட்டார். "புரிந்ததா?" என்று கேட்ட ஆசிரியர், சற்று நிறுத்தி, "நல்லது" என்றார்.

"பாரு, கேக்குறான். நீ சொன்னதும் நல்லதுங்கறான். என்னை இன்னா, கேணையன்னு நெனச்சிக்கினியா?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க சொல்றாரு."

"எல்லாருக்குமா? அது வேறயா!"

கைப்பேசியில் அந்நிய ஆணின் அழைப்பு ஒன்றுகூட இல்லை. அழித்திருப்பாள் என்று முடிவு செய்தார். அன்று முதல் பாடம் ஓடும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"படி, நான் வேணாங்கல. 'ங்க' மட்டும் வேணாம். 'புரியல'ன்னா போதும். அவன் இன்னா உனக்கு மாமனாரா?"

சித்ரா முயன்றார். ஆசிரியர் முகத்தைப் பார்த்து வெறும் 'புரியல' என்று சொல்ல நா எழவில்லை. 'புரியலீங்க' என்றால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நாளடைவில் வாய் திறப்பதே நின்றது. காணொளியைப் பின்னுக்கு இழுப்பதும் நின்றது. அதே ஆளை எதற்கு மறுபடி பார்க்கிறாய் என்ற கேள்வி வரும். நான்காம் அலகில் 49.

"இன்னா, இப்பல்லாம் பேச்சே காணோம்?" என்றார் ரஞ்சித் ஒருநாள். "நான் உக்காந்துக்கினு இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

டிசம்பர் 18 அன்று சித்ராவை விழுப்புரம் தேர்வு மையத்துக்கு அவரே அழைத்துச் சென்றார். உள்ளே கண்காணிப்பவர் ஆணா பெண்ணா என்று வாயிலில் விசாரித்த பிறகே அனுப்பினார். சித்ரா பெற்ற மதிப்பெண் 34.