மடிப்பண்ணன் அணைக்காமல் விட்ட பெட்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில் அவர் தேய்த்து வைக்கும் மடிப்பு ஒரு வாரம் ஆனாலும் கலையாது. அதனால் மடிப்பண்ணன். இருபத்தாறு வருடமாக அதே மேஜை, அதே ஜன்னல். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிட்டது. வேலையில் எப்படியோ அப்படியே பக்தியிலும் ஆள் கறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான்கு மணிக்கு, கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் முதல் ஆளாக நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர்தான், பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிய ஓட்டத்தில் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்தார்.

அதை நிமிர்த்தியாவது வைத்திருக்கலாம். மேஜைத் துணிமேலேயே படுக்கப் போட்டுவிட்டுத் தேய்க்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மேஜை தீப்பற்றியது, பக்கத்தில் அடுக்கியிருந்த போர்வைகளும் பற்றின. அணைக்க ஓடியது துணி மடிக்கும் அக்கா. அவளுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அந்த நேரத்தில் இவர் கோயிலில் முட்டி போட்டு, "பெண்டாட்டிகிட்ட மூணு தடவ கோபப்பட்டேன் சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் விசாரித்தார். "நான் அணைச்சிட்டுத்தான் சார் போனேன்" என்றார் மடிப்பண்ணன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி நேராகப் போய் விழுந்தது அவருடைய மைத்துனன் தலையில். மனைவியின் சொந்தத் தம்பி. அன்று மதியம் அதே மேஜையில் நாலு தலையணை உறை தேய்த்தவன், மடிப்பண்ணன் போன பிறகும் கூடத்தில் இருந்தவன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய குடிகாரன். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? "மறுபடி ஆரம்பிச்சிட்டான்போல" என்று எவனோ சொன்னான், விசாரணை முடிந்தது. அவனை மேஜையிலிருந்து எடுத்து, வார்டுகளிலிருந்து ரத்தமும் சீழும் பட்டு வரும் துணிகளைப் பிரிக்கிற தொட்டிப் பக்கம் தள்ளினார்கள். "நான் குடிக்கலங்க, நான் அணைச்சிட்டேங்க" என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடி அதோடு நிற்கவில்லை. மடிப்பண்ணன் மனைவியும் அவள் தம்பியும் பிறந்ததிலிருந்து வேறொரு கிறிஸ்தவச் சபை. கல்யாணமான நாள் முதல் மடிப்பண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு திசைதான், சண்டை கிடையாது. அந்தச் சபையின் பாஸ்டர் நல்லவர், ஆனால் சட்டம் சட்டம்தான். "ஊருக்கே தெரிஞ்ச தப்பு. சபை முன்னால எழுந்து அறிக்கை செய்யாம அப்பத்துல கை வைக்கக் கூடாது, தம்பி" என்றார். செய்யாததை எப்படி அறிக்கை செய்வது என்று அவன் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதமாக, சபையார் பகிர்ந்துண்ணும் திருவிருந்து அப்பத் தட்டு அவன் கைக்கு வரும், அவன் எடுக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுப்பான். அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

மடிப்பண்ணனுக்கு மனசாட்சி இல்லையென்று சொல்லிவிட முடியாது. இருந்தது, அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அடுத்த மாதமே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் கோபப்படவில்லை. "ஆண்டவர் மன்னிப்பார். ஆனா ஒருத்தர் பேரைக் கெடுத்திருக்கீங்க. அதைத் திருப்பிக் கொடுக்கிறதுதான் உங்களுக்கு அபராதம்" என்றார். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு வந்தார், செய்யவில்லை. மறு மாதமும் அதே பாவத்தைக் கொண்டுபோனார். "உங்க வாய்தான் வருத்தப்படுது, இன்னும் மனசு வருத்தப்படல. செஞ்சிட்டு வாங்க" என்று சாமியார் மன்னிப்பைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்.

பிறகு மனுஷர் பேருந்து ஏறி, எல்லோருக்கும் அபராதமாக மூன்று ஜெபம் மட்டும் சொல்லி அனுப்புகிற ஒரு வயதான சாமியாரைத் தேடிப் போனார். அந்தச் சாமியாருக்குக் காது மந்தம் என்பது முட்டி போட்ட பிறகுதான் தெரிந்தது. "சத்தமா சொல்லுங்க!" என்று அவர் அதட்ட, பின்னால் நின்ற வரிசையே ஒரு எட்டு முன்னால் வந்தது. மடிப்பண்ணன் மறுபடியும் பெண்டாட்டியிடம் கோபப்பட்ட கதையையே சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்தபோது தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மேற்பார்வையாளர் இன்னொரு கோயில். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வாக்கில், "எங்க ஆராதனையில இந்தத் தனியாப் போய்ச் சொல்ற தொல்லையே இல்ல. எல்லாரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்த்து அறிக்கை பண்ணிடுவோம், எவன் பேரும் தனியா வராது" என்றார். மடிப்பண்ணனுக்கு அது கேட்க இனிப்பாக இருந்தது. மனைவி சொன்னது அதைவிட இனித்தது. புருஷன் சரியாகத் தூங்காமல் புரள்வதைப் பார்த்துவிட்டு அவள், "என்னங்க, என்ன பாரமோ எனக்கு வேணாம். மனுஷன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? முழங்கால் போட்டு நேரா இயேசப்பாகிட்ட சொல்லுங்க, போதும்" என்றாள். போதும் என்ற அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் அவள் சபைக்கே போக ஆரம்பித்தார். இருபது வருட ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று அவள் பூரித்துப் போனாள்.

சபையில் அவருக்குக் கிடைத்த இடம் மைத்துனன் பக்கத்தில். தட்டு வந்தபோது, இன்னும் அங்கே சேராத விருந்தாளி என்பதால் இவரும் எடுக்கக் கூடாது. மைத்துனன் குனிந்து, "நமக்கு ரெண்டு பேருக்கும் இன்னிக்கும் பட்டினிதான் அத்தான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிக்க அவருடைய முகம் மறுத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மைத்துனன் ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே தேய்க்கும் அறைக்கு வந்தான்.

"அத்தான், நாளைக்கு எழுந்து சொல்லிடப் போறேன்."

"என்னத்த?"

"நான்தான் பெட்டிய அணைக்கலன்னு."

மடிப்பண்ணன் கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீதான் அணைச்சேன்னு சொன்னியே?"

"அணைச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா குடிச்ச காலத்துலயும் இப்படித்தான் அத்தான். நான் செய்யலன்னு அடிச்சுச் சொல்லுவேன், அப்புறம் பார்த்தா நான்தான் செஞ்சிருப்பேன். இத்தனை பேரும் ஒண்ணு சொல்றாங்க, நான் ஒருத்தன் மட்டும் இல்லைங்கறேன். எனக்கே என் புத்தி மேல நம்பிக்கை போயிடுச்சு." கையுறையை மேஜை ஓரத்தில் வைத்தான். "பாஸ்டர் விவரமா சொல்லணும்கறார். எனக்கு விவரம்தான் தெரியல. உங்க மேஜைதானே, கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அறையில் வேறு ஒரு ஈ காக்காய் கிடையாது. பாவி மனுஷன், அவன் கேட்டதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

"சூட்டுத் திருகு கடைசி அளவுல இருந்துச்சு. பெட்டிய நிமிர்த்தாம படுக்க வெச்சே. கதவ சாத்தினே."

"திருகு கடைசி அளவு. பெட்டி படுக்கை. கதவு" என்று அவன் விரலை மடக்கிப் பாடம் செய்தான். "தேங்க்ஸ் அத்தான்" என்று கையுறையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். அதற்குப் பிறகு தேய்த்த ஒரு கோட்டிலும் மடிப்பு நேராக விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் மைத்துனன் எழுந்தான். தேய்த்த சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். மனைவி புருஷன் கையைத் தட்டி, "பாருங்க, தம்பி மனசு இறங்கிட்டான்" என்று கிசுகிசுத்தாள். அவள் கண்ணில் நீர். அவமானம் என்றால் முகம் சிவப்பது என்றுதான் மடிப்பண்ணன் அதுவரை நினைத்திருந்தார். அன்று உட்கார்ந்த இடத்தில் உடம்பே குறுகிப்போனது.

"சபையார் என்னை மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தான் மைத்துனன். "அந்தப் பெட்டிய அணைக்காதது நான்தான். எட்டு மாசமா இல்லைன்னு சாதிச்சேன். திருகு கடைசி அளவுல இருந்துச்சு. பெட்டிய படுக்க வெச்சேன்." நின்றுவிட்டான். உதட்டை ஈரப்படுத்தினான். மூன்றாவது விரலை மடக்கியபடி, எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"அப்புறம் என்ன, அத்தான்?"

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மடிப்பண்ணன் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்புறம் கதவ சாத்திட்டு கோயிலுக்கு ஓடிட்டேன்" என்றார். "நான்தான். அணைக்காதது நான். அணைச்சேன்னு பொய் சொன்னது நான். நேத்து இவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்."

எதற்கெடுத்தாலும் அல்லேலூயா சொல்கிற சபை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆசீர்வதிக்கத் தூக்கிய பாஸ்டரின் கை பாதியில் நின்றது. மனைவி அவர் பக்கத்திலிருந்து தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மைத்துனன் ஒரு அறை விடுவான் என்று மடிப்பண்ணன் காத்திருந்தார், விட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவன் விடவில்லை.

"அப்ப நான் அணைச்சேனா அத்தான்?"

"அணைச்சே. அதுக்கப்புறம் கோட்டு தேய்க்க நான்தான் மறுபடி போட்டேன்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் மடக்கிய விரல்களைப் பிரித்தான். அவரை விட்டுவிட்டு, அவரைத் தாண்டி, தன் அக்காவிடம் குனிந்தான். குரல் உடைந்து, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்:

"அக்கா, எனக்கு ஞாபகம் இருந்திருக்கு. நான் அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்."