சரசக்கா மருந்தடித்த நாள்

"குறிப்பெழுத வாரம் ஒரு ஆப் மாத்தறயே, எழுதுனது எதுல இருக்குன்னு உனக்காச்சும் தெரியுமா?" என்று அம்மா கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

எங்கள் மலையூரான ஜெகதளாவில் எங்களுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் சரசக்காவுடையது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்த நாளை என்னிடம் சொல்லி, போனில் குறித்து வைக்கச் சொல்வார். அதன்பின் இரண்டு வாரம் இலை பறிக்கக் கூடாது. விலை சரிந்து கிடந்த சமயம். தேயிலை ஃபேக்டரியில் அவரவர் முறை வரும் நாளில் மட்டுமே இலை வாங்கினார்கள்.

"ஏங் கண்ணு, நாளைக்கு என் முறை. பறிக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

புது ஆப்பில் தேடினேன். அந்தக் குறிப்பு இல்லை. பழைய ஆப்பை அழித்துவிட்டிருந்தேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு வாரம் ஆச்சுங்க்கா, பறிங்க."

"படிச்ச புள்ள, நீ சொன்னாச் சரி."

மறுநாள் மருந்து வாசம் அடிக்கிறதென்று ஃபேக்டரியில் மொத்த இலையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூட்டைகளைக் குழியில் கொட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "நாந்தான் உங்கிட்ட நாளைத் தப்பாச் சொல்லிப்போட்டனாட்ட இருக்குது."

நான்கு நாள் கழித்துத்தான் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமல்ல?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனையோ ஆப்களைப் பார்த்தேன். அக்காவின் குறிப்பை அக்காவே திறந்து பார்க்க முடியுமா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நேற்று அவருடைய போனிலேயே, பேசினால் பதிவாகி, தொட்டால் பேசிய நாளோடு திரும்பச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.