புதுக் குழலில் ஒரு கோணல் எழுத்து

அளவு பார்க்கும் கேஜைத் துப்பாக்கிக்குள் வைத்துத் தாழை முன்னே தள்ளிக் கீழே மடக்கினார் ஃபோர்மேன். 'க்ளக்' என்று அது மூடிக்கொண்டது. தடையில்லாமல், அடம்பிடிக்காமல், ஒழுங்கான வீட்டுக் கதவு மூடுவதுபோல. அந்தச் சத்தத்தோடு அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எண்பதுகளில் துபாய் அல் கூஸில் பம்புகளும் லாரி பாகங்களும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போனவன். ஃபோர்மேன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை 'ஐசே' என்பார். ஒரே ரூமில் எதிரெதிர்க் கட்டில். அவருடைய மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அங்கே சண்டை முற்றி, போக வழியிருந்தவர்கள் எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அவர்களை எப்படியாவது துபாய்க்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனிதருக்கு வேறு நினைப்பே கிடையாது. அதற்கு எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்து எங்களை வேலைக்கு வைத்திருந்த அரபு முதலாளி, ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேப்பரை டைப் அடித்து, மேசை டிராயரில் வைத்துக்கொண்டு, முதலாளி நல்ல மனநிலையில் வரும் நாளுக்காகக் காத்திருந்தவன் நான்.

அப்படி ஒரு நாள் வந்தது. முதலாளியிடம் அவருடைய தகப்பனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் உள்ளது. ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய ரகம். வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய் அட்டையில் சுடுவார். குழல் தேய்ந்துபோய்க் குண்டு கண்ட இடத்துக்கும் போகிறது என்று வெளிநாட்டிலிருந்து புதுக் குழல் வரவழைத்திருந்தார். மரை வெட்டி, தோட்டா உட்காரும் அறையும் கடைந்து, அப்படியே முடுக்கினால் போதும் என்று தயாராக வந்தது. கூடவே தோட்டா வடிவில் ஒரு இரும்புக் கேஜ். அதை உள்ளே வைத்துத் தாழ் மூடினால் பொருத்தம் சரி. "யே லகா தோ, பேப்பர் மே ஸைன் கர் தூங்கா" என்று, இதை மாட்டிக் கொடுத்தால் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறேன் என்று, முதலாளி என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டு ஃபோர்மேன் அன்று மத்தியானம் சோறே இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். தயாராக வந்த எந்தப் பொருளையும் அந்த மனிதர் நம்ப மாட்டார். "ரெடிமேட் எண்டால் ஆருக்கோ அளவெடுத்துச் செய்தது ஐசே. எங்களுக்கில்லை" என்பார். தேராக் கடைத்தெருவில் வாங்கிய புதுக் கால்சட்டையைப் பிரித்துத் தைப்பார். நான் வாங்கி வந்த செருப்பின் ஓரத்தை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் சீவிவைத்திருந்தார். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்கு வந்த ஸ்பேர் பார்ட்ஸ் அப்படி. டப்பாவில் ஒரு அளவு, உள்ளே ஒரு அளவு. எது வந்தாலும் கொஞ்சம் கடைந்து, கொஞ்சம் ராவி, உட்காரவைத்தால்தான் உட்காரும். அந்த 'கொஞ்சம்' அவர் கையில் ஊறிப்போய்விட்டது. ஆகவே குழல் வந்த அன்றே கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, இது நம்ம பம்பு சாமான் இல்ல. அளவா வந்திருக்கு. முடுக்குங்க, வச்சிருங்க. வேற எதுவும் பண்ணிராதீங்க."

"எனக்கென்ன விசரே ஐசே?" என்றார். விசர் என்றால் அவர் ஊரில் பைத்தியம்.

பழைய குழலைக் கழற்றினார், புதியதை முடுக்கினார், கேஜை வைத்தார், தாழ் மூடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்குப் போன் பண்ண ஆபீசுக்கு ஓடினேன். நாளைக் காலையில் வருகிறேன் என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தால் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. லேத்தில் குழல்.

"அண்ணாச்சி!"

"கத்தாதையும். எழுத்தைப் பாரும்" என்றார். கம்பெனிக்காரன் குழலின்மேல் ஏதோ எழுத்து வெட்டியிருந்தான். முடுக்கி இறுக்கியபோது அது உச்சியில் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றதாம். "படுத்துக் கிடக்குது. முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார்? தோளில மயிரளவு எடுத்தால் இன்னும் கொஞ்சம் சுத்தும், எழுத்து நிமிர்ந்திடும்." முடுக்கும்போது குழல் வந்து முட்டி நிற்கிற விளிம்பைத்தான் தோள் என்றார்.

நிமிர்ந்தது. வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி எழுத்து விறைப்பாக உச்சியில் நின்றது. கேஜை வைத்துத் தாழைத் தள்ளினார். மூடவில்லை. தோளைச் சீவியதில் குழல் உள்ளே கூடுதலாகப் போய்விட்டது. தாழுக்கு இடமில்லை. மறுபடி தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எந்தத் தடி லாரியையும் ஓடவைக்கிற மனிதர், அரை விரல்கடை எழுத்துக்காகப் பெண்டாட்டி பிள்ளையின் விசாவைக் கடைந்து தள்ளிவிட்டு நிற்கிறார்!

அன்று நான் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. மூச்சு வாங்கிய பிறகு, இடையில் ஒரு வளையம் போட்டுச் சரிக்கட்ட முடியாதா என்று கேட்டேன். "தோட்டா வெடிக்கிற இடம் ஐசே. முகத்துக்கு நேரே. ஒட்டுப்போடேலாது" என்றார். சரி, கப்பலில் அடிபட்டு வந்தது என்று சொல்லிவிடலாம், நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

காலையில் முதலாளி வந்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஃபோர்மேன் முந்திக்கொண்டு தன் ஓட்டை இந்தியில், "ஸாப், மை காட்டா. கராப் ஹோ கயா" என்றார். நான்தான் வெட்டினேன், கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

"க்யோன்?" ஏன் என்று முதலாளி கேட்டார்.

"எழுத்து... டேடா தா, ஸாப்." கோணலாக இருந்ததாம்.

முதலாளி குழலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. இன்னொரு குழல் வரட்டும், பிறகு பேசலாம் என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார். கையெழுத்தாகாத பேப்பர் திரும்ப என் டிராயருக்குள் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

அடுத்த குழல் வர மாதங்களாயின. ஊரிலிருந்து கடிதம் வருவது குறைந்தது. பிறகு நின்றேபோனது. ரூமில் ரேடியோ செய்தி ஆரம்பித்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். செய்தி முடிந்ததும் திட்டத் தொடங்குவேன். சோறு குழைந்தால், பனியன் காயாவிட்டால், எதிலிருந்து தொடங்கினாலும் பேச்சு அந்த எழுத்தில்தான் போய் முடியும். ஒருநாளும் அவர் எதிர்த்துப் பேசியதில்லை, கண் கலங்கியதில்லை. "ஓம் ஐசே, ஓம்" என்பார். ஆமாம் என்பதற்கு அவர் ஊரில் ஓம். அந்த 'ஓம்' என் ஆத்திரத்தை இன்னும் கூட்டும்.

இரண்டாவது குழல் வந்த அன்று அவர் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே வரவில்லை. எங்கள் பாகிஸ்தான் பட்டாணி ஃபிட்டரிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, வெளியே கொளுத்துகிற வெயிலில், கைகளை அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டு நின்றார். முடுக்கியாயிற்று, தாழ் மூடியது. எழுத்து இந்தமுறை இன்னும் மோசம், ஏறக்குறைய அடிவயிற்றுக்கே போய்விட்டது. முதலாளி வந்து துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து, "அச்சா" என்றார். எழுத்து என்று ஒன்று இருப்பதே அந்த மனிதர் கண்ணில் படவில்லை. வண்டியின் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விசா போய்ச் சேர்ந்து, அவர்கள் வருகிற நாள் தந்தியில் வந்தது. ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். அந்த அம்மாவிடம் சொல்லவென்றே மாதக்கணக்கில் சேர்த்துவைத்த புகார்ப் பட்டியல் என் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்து அவர்கள் இருவரும் வந்தார்கள். ஒரு பை மட்டும்தான் இருந்தது. முதல் குழல் வந்த வாரமே வாங்கிவைத்த கவுன் ஒன்றை ஃபோர்மேன் மகளின் தோளில் வைத்துப் பார்த்தார். அது அவளுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது.

"ஏனப்பா இவ்வளவு பிந்தினது?" என்றார் அவர் மனைவி. "ஊரில ஒருதரும் இல்லை. கடைசியா வெளிக்கிட்டது நாங்கள்தான்."

நான் வாயைத் திறந்தேன். இந்தமுறையும் அவரே முந்திக்கொண்டார். "நான்தான் கெடுத்தனான். துவக்குக் குழலில எழுத்துக் கோணலாய் நிண்டது. நிமிர்த்தப் போனனான்."

அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "எழுத்தோ?" என்றார். "பிள்ளையையும் அணைச்சுக்கொண்டு இரவிரவாய் பங்கருக்குள்ள நான் கிடக்க, நீங்கள் இஞ்ச இருந்து எழுத்து நிமிர்த்தினீங்களோ?" பையைக் கீழே போட்டுவிட்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்க, திட்டத் தொடங்கினார். நான் இத்தனை மாதம் திட்டியதெல்லாம் திட்டே இல்லை. அவர் ஊர்ப் பேச்சில், ஃபோர்மேனின் குலம் கோத்திரமெல்லாம் இழுத்து, ஓயாமல் திட்டினார். ஃபோர்மேன் ஒரு வார்த்தையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் முகத்தை மனைவி பக்கமே வைத்துக்கொண்டு கேட்டார். நான் திட்டியபோது ஒருநாளும் கலங்காத கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஊற்றியது. "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு டாக்ஸி பார்க்கப் போனேன்.