நடுங்காத பஸ்

மாத்தளை ஸ்டேண்டில் நடுங்காத பஸ்ஸில் யாரும் ஏறமாட்டார்கள்.

வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போகும் என்று பலகையில் எழுதியிருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. இஞ்சின் ஓட வேண்டும், ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்க வேண்டும். சாரதி அக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்து, வண்டியை இரண்டு முழம் முன்னே நகர்த்தி, மறுபடி பின்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தேநீர்க் கடையில் இருப்பவர் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவருவார். ஓடிவந்தவர் அதன் பிறகும் வெகுநேரம் அதே இடத்தில் குலுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்காக யாரும் சண்டை பிடித்ததில்லை. நடுங்குகிற பஸ் போகப்போகிற பஸ். எப்போது போகும் என்பது வேறு கதை.

எல்கடுவ பஸ்ஸின் கொண்டக்டர் நிரஞ்சனி இந்த வித்தையில் நன்றாக ஊறியவள். பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டி, "இந்தா போறோம், இந்தா போறோம்" என்று அவள் சொன்ன பொய்களைச் சேர்த்து வைத்தால் ஒரு லொறி நிரம்பும்.

அவள் பிறந்தது எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். படிப்பை முடித்ததும் கொழுந்து பறிக்கப் பேர் பதியச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். அந்த பஸ்ஸை ஓட்டும் நல்லையா அவளுக்குத் தாய்வழியில் மாமா முறை. கொண்டக்டர் வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கங்காணி வழியில் மறித்தார்.

"பொம்பளப் புள்ள புட்போர்ட்ல தொங்குனா ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு ஏறுறதும் அதே பஸ்லதானே, கங்காணி. ஏறும்போது சொல்லச் சொல்லுங்க, டிக்கெட் காசோட சேத்து வாங்கிக்கிறேன்."

அதன் பிறகு கங்காணியும் அவளிடம்தான் டிக்கெட் வாங்கினார். கலியாணம் ஆயிற்று. கணவன் ரமேஸ் கண்டியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான், மாதம் இரண்டு தடவை வருவான். மகள் ஹம்சிகா பிறந்தாள். நிரஞ்சனி புட்போர்டை விட்டு இறங்கவில்லை.

மகளை மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில் சேர்த்தாள். எல்கடுவ பஸ் நிற்கும் இடம் அந்தப் பாடசாலையின் மதிலை ஒட்டியது. காலையில் மகளைத் தன் பஸ்ஸிலேயே கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. மதிலுக்கு மேலே நாலாம் ஆண்டு வகுப்பின் ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். எந்த வெயிலிலும் அவை மூடியே கிடக்கும். ஏன் என்று அவள் யோசித்ததில்லை, ஹம்சிகா நாலாம் ஆண்டுக்கு வரும் வரை.

ஒரு நாள் மாலை பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஹம்சிகா சொன்னாள்.

"கிளாஸ்ல பொகை வந்தா எல்லாரும் என்னா சொல்வாங்க தெரியுமா? ஹம்சிகாவோட அம்மா வந்துட்டாங்கன்னு சொல்வாங்க."

நிரஞ்சனி முதலில் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை.

"டீச்சர் படிப்பிக்கிறத நிப்பாட்டிட்டு, எல்கடுவ பஸ் போகட்டும்னு சொல்லி கதிரையில ஒக்காந்திருவாங்க. நீங்க போகவே மாட்டீங்க. சும்மா சத்தம் மட்டும் போட்டுக்கிட்டே நிப்பீங்க."

மறுநாள் மதிலோரம் நின்றபோது அவள் அந்த மூடிய ஜன்னல்களை எண்ணிப் பார்த்தாள்.

பஸ்ஸின் முதலாளி அப்துல் ஸமத் ஹாஜியார். டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எண்ணெய் நிரப்பும் ஷெட் வரிசையில், தன் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக் கிடந்தவர். இனி ஒரு காலமும் டீசலுக்குப் பின்னால் ஓடுவதில்லை என்று அந்த வரிசையில் வைத்தே சபதம் எடுத்ததாகச் சொல்வார். ஆகவே கொழும்பு வியாபாரி ஒருவர், டீசலிலும் கரண்டிலும் ஓடும் ஹைபிரிட் பஸ் ஒன்றைப் பரீட்சார்த்தமாக ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னபோது, உடனே சம்மதித்தார். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

பஸ்ஸோடு வந்த இளைஞர் நல்லையாவுக்கும் நிரஞ்சனிக்கும் சிங்களத்தில் விளக்கினார். கியர்க் குச்சி இல்லை, பொத்தான்கள்தான். இறக்கத்தில் வண்டியைக் கியரிலேயே உருளவிட்டால் சக்கரங்களே பெட்டரியை நிரப்பும். நீலப் பொத்தானை அழுத்தினால் இஞ்சின் அடங்கி, கரண்டில் மட்டும் ஓடும். ஆனால் பெட்டரி சின்னது. எல்லா இடத்திலும் செலவழித்தால் தேவையான இடத்தில் இருக்காது. ஆகவே ஏற்றத்துக்கு இஞ்சினை வைத்துக்கொண்டு, சனம் நெருங்கி வாழும் இடத்துக்குக் கரண்டைச் சேர்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு வரும் வழி முழுக்க இறக்கம். நிரஞ்சனிக்கு அதைக் கேட்டதுமே விஷயம் பிடிபட்டது. அன்று மாலையே மகளிடம், "நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லி ஜன்னலத் தொறக்கச் சொல்லு" என்றாள்.

மறுநாள் புது பஸ் மதிலோரம் வந்து நின்றது. வந்து நின்ற கையோடு, நீலப் பொத்தானை அழுத்தியும் கேளாமல், இஞ்சின் உறுமிக்கொண்டு விழித்தது. பெட்டரியில் ஒன்றுமில்லை. மேலே திறந்திருந்த ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்தப்பட்டன.

"டீச்சர் தொறந்தாங்க" என்றாள் ஹம்சிகா மாலையில்.

அடுத்த இறக்கத்தில் அவள் நல்லையாவின் பக்கத்திலேயே நின்றாள். தேயிலைத் தொழிற்சாலை வளைவைத் தாண்டியதும் நல்லையாவின் விரல், தன் பாட்டில் போய் நியூட்ரல் பொத்தானை அழுத்தியது.

"மாமா, என்னா செஞ்சீங்க?"

"என்னா செஞ்சேன்? எறக்கத்துல நியூட்ரல்தான். எண்ணெய் மிச்சம்."

"கியர்ல விடச் சொன்னாங்கல்ல? நீங்க நியூட்ரல்ல போட்டா சக்கரம் சும்மா சுத்துது. பெட்டரிக்கு எங்கேருந்து வரும்?"

"இந்த ரோட்டுல நான் எறங்காத எறக்கமா? நியூட்ரல்ல போட்டு எறக்குறவன்தான் மலைநாட்டு டிரைவர். எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"கிளாஸ் எடுக்கல மாமா. கிளாஸ்ல உக்காந்திருக்கிற புள்ளைக்காகச் சொல்றேன்."

நல்லையா கெட்டவர் அல்ல. மறுநாள் கியரில்தான் புறப்பட்டார். ஆனால் அதே வளைவு வந்ததும் விரல் மறந்துபோய் அதே பொத்தானுக்குப் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மூளை சம்மதித்துவிட்டது, விரல் சம்மதிக்கவில்லை.

அப்போது நிரஞ்சனி ஒரு காரியம் செய்தாள். பஸ் தோட்டத்தில் நின்றபோது, தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, நியூட்ரல் பொத்தானின் மேல் ஒட்டினாள்.

"ஓட்டத்துல இதுல வெரல வச்சீங்கன்னா, என் நெத்தியில வச்ச மாதிரி."

"அட ஏன்டி..." என்றார் நல்லையா. வளைவு வந்தது. விரல் கிளம்பியது. பொட்டைக் கண்டு பாதி வழியில் நின்று, காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது. பின் ஆசனத்திலிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அன்று மாத்தளைக்கு இறங்கியபோது பெட்டரி நிறைந்திருந்தது. மதிலோரம் பஸ் வந்து நின்றபோது அது நின்றதே யாருக்கும் தெரியவில்லை.

அதுதான் அடுத்த வில்லங்கம்.

பக்கத்தில் அதே பாதையில் ஓடும் இன்னொரு பஸ் வழக்கம்போல் நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் சாரதி ஸப்வான், இருபத்தைந்து வயது, கறுப்புக் கண்ணாடி. வந்த சனமெல்லாம் புது பஸ்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனுடைய பஸ்ஸில் ஏறியது. புது பஸ் பழுதாகி நிற்கிறது என்று நினைத்தார்கள்.

ஸப்வான் ஜன்னலால் தலையை நீட்டினான்.

"நிரஞ்சனியக்கா, ஒங்கட பஸ் மௌத்தாப் போயிட்டா? மூச்சே இல்லியே."

"மௌத்தாகல தம்பி, நோன்பு புடிச்சிருக்கு. ஒன் பஸ் மாதிரி நிக்கிற எடமெல்லாம் குடிச்சிக்கிட்டு நிக்காது."

ஸ்டேண்டே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் ஸப்வானின் பஸ்ஸுக்குள்ளிருந்துதான் சிரித்தார்கள்.

இப்படியே போனது. ஒரு நாள் முதலாளி குடையோடு நேரில் வந்தார்.

"புள்ள, என்னத்துக்கு வண்டிய பொணம் மாதிரி நிப்பாட்டி வச்சிருக்கீங்க? இஞ்சினப் போடுங்க. சனம் ஏறுதில்ல."

"போடமாட்டேன் மொதலாளி."

நல்லையா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சொன்ன?"

"இந்த மதிலுக்குப் பக்கத்துல போடமாட்டேன். மேல புள்ளைங்க படிக்குதுங்க. பெட்டரி நெறைய கரண்ட வச்சிக்கிட்டு, ஆளுக்குக் காட்டுறதுக்காக டீசல எரிக்கணுமா? டீசலுக்குப் பொறத்தால போகமாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

ஹாஜியார் கோபப்பட்டால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். "பெருநாள் வரைக்கும்தான் இந்த வண்டி. இப்பிடியே காலியா ஓடினா வண்டியும் போகும், நீயும் போவ. பழைய பஸ்ஸ எடுப்பேன், அதுக்கு வேற கொண்டக்டர் வருவான். வெளங்கிச்சா?"

விளங்கியது. வேலை போனால் கொழுந்துக் கூடைதான். அது மட்டுமல்ல, பழைய பஸ் திரும்பி வந்து அதே மதிலோரம் நிற்கும். ஹம்சிகாவின் அம்மா என்ற பெயரும் அதே புகையோடு மேலே போகும்.

ஹாஜியார் போன பிறகு அவள் ஸப்வானின் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த சனத்தின் முகங்களைப் பார்த்தாள். வியர்த்து, குலுங்கி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், போகும் போகும் என்று காத்திருக்கும் முகங்கள். அவள் தானே இத்தனை வருடம் தகரத்தில் தட்டி ஏமாற்றிய முகங்கள்தான். இவர்களுக்கு நடுக்கம் வேண்டியதில்லை, போக வேண்டும். நடுக்கம் என்பது போவோம் என்ற வாக்கு. அந்த வாக்கை இந்த ஸ்டேண்டில் ஒருவரும் காப்பாற்றியதில்லை.

அப்போது பாடசாலையில் இடைவேளை மணி அடித்தது. தன் பஸ்ஸின் இஞ்சின் அடங்கியிருந்ததால் அது கணீரென்று கேட்டது. இத்தனை காலம் அதே மதிலோரம் நின்றும், அந்த மணியை அவள் ஒழுங்காகக் கேட்டதே அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை தகரத்தில் தட்டாமல், கையைக் கட்டிக்கொண்டு புட்போர்டில் நின்று குரல் கொடுத்தாள். "எல்கடுவ! ஸ்கூல் பெல் அடிச்சதும் போறோம்! ஆள் இருந்தாலும் போறோம், இல்லாட்டியும் போறோம்!" அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

"கேட்டுக்கங்க, பெல்லுக்குப் போறாவாம்" என்றான் ஸப்வான். "இது பஸ்ஸா, டியூஷனா?"

மணி அடித்தது. உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். "மாமா, எடுங்க" என்றாள். நல்லையா கண்ணாடியில் காலி ஆசனங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். எடுத்தார். நடுங்கிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குள்ளிருந்த சனம், செத்துப்போன பஸ் சத்தமில்லாமல் தங்களைக் கடந்து போவதைப் பார்த்தது.

அடுத்தடுத்த நாட்களும் காலியாகத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு நாளும் மணிக்குப் போனது. பிறகு ஒரு நாள், கைநிறைய மரக்கறிப் பைகளோடு ஸப்வானின் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த வேலம்மா என்ற தோட்டத்துப் பெண், மணிக்குக் கொஞ்சம் முன்னால் பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எங்கக்கா போறீங்க?" என்றான் ஸப்வான்.

"வீட்டுக்குப் போறேன். நீ ஆட்டிக்கிட்டே இரு."

வேலம்மாவுக்குப் பின்னால் இன்னும் இருவர் இறங்கினார்கள். மறுநாள் அதைவிடக் கூட.

பெருநாளுக்கு முந்திய வாரம் ஹாஜியார் மறுபடி வந்தார். ஸ்கூல் மணி அடித்ததும் காலி பஸ்ஸை எடுத்து ஓட்டுகிறார்கள் என்று யாரோ அவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். இடைவேளை மணி அடித்து பஸ் அசைந்த நேரம், குடையை விரித்துக்கொண்டு நேரே அதன் முன்னால் வந்து நின்றார். நல்லையா பிரேக்கை மிதித்தார்.

"யாரக் கேட்டு எடுக்கிற? வண்டி நெறையாம எடுக்க வேணாம்."

நிரஞ்சனி இறங்கி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோர ஆசனத்திலிருந்து வேலம்மாவின் குரல் வந்தது.

"மொதலாளி, கொஞ்சம் நவுருங்க. பெல் அடிச்சிருச்சு."

"பெல் அடிச்சாச்சு, போவோம்" என்றது இன்னொரு குரல். சிங்களத்திலும் யாரோ எதையோ சொன்னார்கள். ஹாஜியார் குடையைச் சரித்து உள்ளே பார்த்தார். நின்றுகொண்டு வருகிறவர்கள் இல்லை, ஆனால் ஆசனங்கள் எல்லாம் தலைகள். அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை, சிரிக்கவுமில்லை.

"ஏறிப் பாருங்க மொதலாளி. ஏறலன்னா நவுருங்க. ரெண்டுல ஒன்னு."

அவர் குடையை மடக்கினார். ஏறினார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

டவுனைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் விழித்தது. "இப்ப மட்டும் சத்தம் வருது" என்றார் ஹாஜியார், குற்றம் கண்டுபிடித்த குரலில். "ஏத்தத்துக்கு இஞ்சின்தான்" என்றாள். ஆனால் லயங்கள் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் இடத்தில் நல்லையா கேட்காமலேயே நீலப் பொத்தானை அழுத்தினார், பஸ் அடங்கியது. ஹாஜியார் பார்வையால் கேட்டதற்கு நிரஞ்சனியே பதில் சொன்னாள்: "டவுன் புள்ளைங்களுக்கு மட்டுமா மூச்சு இருக்கு? இதுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கோம்."

தோட்டத்தில் இறங்கும்போது ஹாஜியார் அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டு இது என்ன என்று கேட்டார். நல்லையா, "அத தொடாதீங்க மொதலாளி, கொண்டக்டரம்மாவோட நெத்தி" என்றார். ஹாஜியார் போனை எடுத்துக் கொழும்பு வியாபாரியை அழைத்து, பெருநாளுக்குப் பிறகும் வண்டி நிற்கட்டும், விலையைப் பற்றிப் பேசலாம் என்று மட்டும் சொன்னார்.

ஸப்வானின் பஸ் இப்போதும் அங்கேதான் நடுங்குகிறது. ஆகவே மேல்மாடி ஜன்னல்கள் நாள் முழுக்கத் திறப்பதில்லை. அவன் போன பிறகு திறக்கின்றன, அவன் வந்ததும் மூடுகின்றன. ஒரு நாள் மணி அடித்து பஸ் நகர்ந்தபோது, திறந்த ஜன்னலில் தலைகள் நெருக்கிக்கொண்டு கூச்சலிட்டன: "ஹம்சிகாவோட அம்மா போறாங்க!" நடுவில் ஹம்சிகாவும் கத்திக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சனி கையசைக்கவில்லை. ஸப்வானின் பஸ்ஸைக் கடக்கும்போது புட்போர்டிலிருந்து எட்டி, அதன் குலுங்கும் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"தம்பி, அடுத்தது ஒன் மொதலாளியத்தான் இந்த பஸ்ல ஏத்திக் காட்டணும். நாளைக்கு வாறேன்னு சொல்லி வையி."