எனக்கு ஓட்டுப் போட்டுடாதீங்க

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்துக்காகத் தெர்மாகோலில் ஒரு எரிமலை செய்துகொண்டிருந்தாள். ஊதுவத்தியைக் கொளுத்தி அதன் கங்கால் தெர்மாகோலை அறுத்தாள். அது உருகும் நாற்றம் உங்களுக்குப் பழக்கமா? மல்லிகைப்பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எரித்ததுபோல இருக்கும். அவள் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார். நான் மட்டும் அடுப்பில் ரசத்தைப் பொங்கவிட்டு, அந்த நாற்றத்தை ஆசையாக இழுத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, இப்பிடி நிக்கிற?" என்றாள் மகள்.

நான் ஒரு காலத்தில் டி.வி.யில் வந்துகொண்டிருந்தேன். அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

டி.வி. என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் பகுதிக்குக் கேபிள் இழுத்திருந்த செல்வமணி அண்ணன், படம் ஓடாத நேரத்தில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு சேனலில் உள்ளூர்ச் செய்தி போட ஆரம்பித்தார். முதலாளி, கேமராமேன், கம்பத்தில் ஏறி வயர் மாட்டுகிறவர், எல்லாம் அவர்தான். செய்தி வாசிப்பவள் நான். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன், "ழ" நன்றாக வரும், இந்த இரண்டு தகுதிகள் போதுமென்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

ஸ்டுடியோ ஒரு பரோட்டா கடையின் மாடியில் இருந்தது. சாயங்காலம் நாங்கள் செய்தி பதிவு செய்யும் நேரத்தில்தான் கீழே கொத்து பரோட்டாவுக்குக் கூட்டம் வரும். "நகராட்சி ஆணையர் இன்று தெரிவித்ததாவது" என்று நான் ஆரம்பித்தால், கீழேயிருந்து டக்கடக் டக்கடக் என்று தாளம் எழும். அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி என் வாசிப்பும் வேகம் எடுத்துவிடும். இரங்கல் செய்தியைக்கூட நான் குத்துப்பாட்டு வேகத்தில் வாசித்திருக்கிறேன். மேசைக்கு மேலே பட்டுப்புடவை, கீழே சுடிதார் பேண்ட். புடவை அண்ணனுடைய மனைவியுடையது. அவர்கள் ஏதாவது கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்குச் செய்தி கிடையாது.

எனக்குப் பின்னால் சுவரில், தெர்மாகோலில் அறுத்து ஒட்டிய "நம்ம ஊர் செய்தி" என்ற எழுத்துகள். அறுத்தவள் நான், ஒட்டியவர் அண்ணன். வெயில் காலத்தில் பசை இளகி, "செ"யின் கொம்பு மட்டும் என் தலைமேல் விழுந்தது. "அப்புறமா ஒட்டிக்கலாம்மா" என்றார் அண்ணன். அப்புறம் என்பது வரவே இல்லை. கடைசிவரைக்கும் அது "நம்ம ஊர் சய்தி"தான். தெருவில் என்னைக் கண்டால், "சய்திப் பொண்ணு போவுது பாரு" என்பார்கள்.

காணாமல் போன கறவை மாடு, குழாயில் தண்ணீர் வரும் நேரம், மாரியம்மன் கோயில் கூழ், சர்ச்சில் கண் சிகிச்சை முகாம், கோமுகி அணையில் நீர்மட்டம், இதெல்லாம் எங்கள் செய்திகள். ஆனால் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு செய்தி இருந்துகொண்டே இருக்கும். அது எங்கள் பகுதியின் கால்வாய். கால்வாய் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கல்வராயன் மலைப்பக்கம் கறுத்தாலே எங்கள் தெருவில் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவோம். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், கால்வாய் நேராக வீட்டுக்குள் வந்துவிடும், தவளைகளோடு. ஒருமுறை எங்கள் கிரைண்டருக்குள் ஒரு தவளை குடும்பத்தோடு இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் இட்லி கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் அந்தத் தடவை நின்ற மூவருமே சுயேச்சைகள். பெரிய கட்சிகள் எங்கள் கால்வாயைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிவிட்டன என்று செல்வமணி அண்ணன் சொல்வார். முதல் ஆள் மளிகைக்கடை தங்கவேலு. தலையில் ஒரு முடி இல்லாத மனிதர். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அதைப் பற்றி யாரும் அவர் எதிரில் சிரிக்கவில்லை, அவர் கடையைத் தாண்டிப் போய்த்தான் சிரித்தோம். இரண்டாவது ஆள், பாலர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர். மணிச் சின்னம். பள்ளிக்கூடத்துப் பித்தளை மணியையே கையில் எடுத்துக்கொண்டு பிரசாரம் போவார். அவர் ஆட்டியதும் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் பழக்கதோஷத்தில் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

மூன்றாவது ஆள்தான் ஏழுமலை. சாமியானா பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவர். தங்கவேலுவின் தங்கை கனகாவைக் கட்டியவர். அவர் நின்றது ஜெயிக்க அல்ல. மச்சானுடைய மனு தள்ளுபடியாகிவிட்டால் ஆபத்துக்கு ஒரு ஆள் இருக்கட்டுமே என்று மச்சானே அவரை மனு போட வைத்தார். மச்சான் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஏழுமலை தன்னுடையதை வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் வாபஸுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள், வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போனார். பந்தல் போட்டார், விருந்து சாப்பிட்டார், அசந்து படுத்தார். காலையில் மழையில் மரம் சாய்ந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டது. போனில் சிக்னல் கிடையாது. அவர் கீழே இறங்கி வந்தபோது அவருக்குக் கட்டில் சின்னம் ஒதுக்கியிருந்தார்கள். படுத்துத் தூங்கிய ஆளுக்குப் பொருத்தமான சின்னம் என்று மச்சான் பல்லைக் கடித்தார். ஆனாலும் சும்மா பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

செல்வமணி அண்ணனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்று வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து வார்டுக்காரர்களைக் கேள்வி கேட்கச் சொல்வது, அதை நேரடியாக ஒளிபரப்புவது. எங்கள் பக்கத்தில் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபம் சும்மா கிடைத்தது. மத்தியானம்தான் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. வத்தக்குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. மேடையில் ரோஜாப்பூ வைத்த இதய வடிவமும், நடுவில் மாப்பிள்ளை பொண்ணு உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவும் அப்படியே இருந்தன. அதை நகர்த்த முடியாது, கழற்றினால் பூக்காரர் சண்டைக்கு வருவார் என்றார்கள்.

"அந்த சோபால நான் எவரோடயும் சேந்து உக்காரமாட்டேன்" என்று ஸ்டெல்லா டீச்சர் தனி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் மச்சானும் மாப்பிள்ளையும் இதயத்துக்குக் கீழே ஒட்டி உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ அட்சதை போட்டார்கள்.

முதல் கேள்வியை நான்தான் கேட்டேன். வேறென்ன, கால்வாய் எப்போது சரியாகும்?

தங்கவேலு எழுந்தார். "நான் ஜெயிச்ச மறுநாளு காலைல பொக்லைன் வந்து நிக்கும். நிக்கலன்னா ஏன்னு கேளுங்க!" கை தட்டினார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த கால்வாய்ப் படத்தை விரித்து, "எல்லாரும் இங்க கவனிங்க" என்று மணியை ஆட்டினார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தோம்.

பிறகு மைக் ஏழுமலையிடம் போனது. அதைத் தலைகீழாகப் பிடித்தார். ஆயிரம் கல்யாணத்துக்கு மைக் கட்டிய கை, பிடித்துப் பேசியதில்லை.

"அது என்னால ஆவாதுங்க" என்றார்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று செல்வமணி அண்ணன் மைக் சத்தத்தைக் கூட்டினார்.

"எங்க வூட்டு பாத்ரூம் அடைச்சிகினாலே நான் மச்சானத்தான் கூப்புடுவேன். என்ன கவுன்சிலராக்கி இன்னா பண்ணப் போறீங்க? தயவுசெஞ்சி எனக்கு ஓட்டுப் போட்டுடாதீங்க."

அவர் மச்சானுக்கு ஓட்டுக் கேட்பதாகத்தான் நினைத்துப் பேசினார். ஆனால் சனம் சிரித்த சிரிப்பில் இதயத்திலிருந்து ரோஜாக்கள் உதிர்ந்தன. அடுத்தடுத்து அவரையே கேட்க ஆரம்பித்தார்கள். தெருவிளக்கு? "தெரியாதுங்க." குப்பை வண்டி? "அதுவும் தெரியாதுங்க." எங்கள் எதிர்வீட்டு அக்கா எழுந்து, "சரிப்பா, மழ வந்து தண்ணி வூட்டுக்குள்ள பூந்துச்சின்னா இன்னாதான் செய்வ?" என்று கேட்டார்.

ஏழுமலை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "வந்து நிப்பேன்க்கா. வேற இன்னா செய்யறது? எங்கிட்ட பிளாஸ்டிக் சேரு நெறைய இருக்கு. கொண்ணாந்து போடறேன், மேல ஏறி உக்காந்துக்குங்க."

அன்றைக்கு எழுந்த கைதட்டலை நான் அந்த மண்டபத்தில் தாலி கட்டும்போதுகூடக் கேட்டதில்லை.

மறுநாளே வினை ஆரம்பித்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், எங்கும் கட்டில் பேச்சு. தங்கவேலு பதறிப்போய் வீடு வீடாகச் சீப்பு கொடுத்தார். சனங்கள் வாங்கி, தலையைச் சீவிக்கொண்டு, கட்டிலைப் பற்றியே பேசினார்கள். ஏழுமலை ஸ்டுடியோ மாடியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சய்திப் பொண்ணு, ஒரு ஒதவி பண்ணும்மா. எனக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு நியூஸ்ல சொல்லிடு. எங்க வூட்டுல எங்கிட்ட பேசறதில்ல. 'எங்கண்ணன தோக்கடிச்சிட்டு இந்த வூட்டுக்குள்ள நொழஞ்சிடுவியா'ன்னு கேக்குது."

நான் வாசித்தேன்: "கட்டில் சின்னத்தில் போட்டியிடும் திரு. ஏழுமலை, தமக்கு வாக்களிக்க வேண்டாமென வாக்காளப் பெருமக்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்." கீழே கொத்து பரோட்டா அதற்கு நல்ல தாளம் போட்டது. அதோடு மிச்சமிருந்த ஓட்டும் கட்டிலுக்குப் போயிற்று. அவர் நேரில் போய்க் கும்பிட்டுப் பார்த்தார். பெண்கள் மோர் கொடுத்து உபசரித்தார்கள். "எங்க வூட்டு வாசல்ல பொய் சொல்லாம நின்ன மொத ஆளு நீதாம்பா" என்று எதிர்வீட்டு அக்கா கண் கலங்கியது. அவரும் கூடவே கலங்கினார், வேறு காரணத்துக்காக.

ஜெயித்துவிட்டார். ஓட்டு எண்ணும் இடத்தில் மாலை போட்டபோது அவர் அழுததைப் படமெடுத்துவந்து, "வெற்றிக் களிப்பில் ஆனந்தக் கண்ணீர்" என்று போட்டார் செல்வமணி அண்ணன். ஸ்டெல்லா டீச்சர் கைகுலுக்கி, "பயப்படாத ஏழுமல, தெரியலன்னா கையத் தூக்கிக் கேளு" என்றார். ஏழுமலை வீட்டுக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. கனகா பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். புதுக் கவுன்சிலர் அந்த மாதம் முழுக்க எங்கள் பரோட்டா கடையில்தான் சாப்பிட்டார். யார் வணக்கம் வைத்தாலும் "நான் அப்பவே சொன்னேனே" என்பார்.

பிறகு மழை வந்தது. விடிந்து பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீர். நானும் அண்ணனும் கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் ஏழுமலையின் டெம்போ ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று வீட்டுக்கு வீடு நாற்காலி இறக்கினார். பாட்டிகள், பிள்ளைகள், ஒரு வீட்டில் கோழிகள், எல்லாரும் கவுன்சிலர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்கள். தெருக்கோடியில் பள்ளத்தில் இருந்தது தங்கவேலுவின் கடை. உள்ளே அரிசி மூட்டையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் தொட்டிருந்தது. தங்கவேலு கல்லாமேசை மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார், கனகா சர்க்கரை மூட்டையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை வாசலில் தயங்கி நின்றார். கனகா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? அந்தப் பக்கம் புடி!"

பந்தலுக்கு மேடை போடும் பெஞ்சுகளை உள்ளே கொண்டுவந்து, புருஷனும் பெண்சாதியும் மூட்டைகளை ஏற்றினார்கள். தங்கவேலு மேசை மேலிருந்தபடியே, "எங்க மாப்ள உன் பொக்லைனு?" என்று உறுமினார்.

"அது நீங்க சொன்னது மச்சான்" என்றார் ஏழுமலை மூச்சிரைக்க. "நான் சேருதான் சொன்னேன்."

முதலில் சிரித்தது கனகா. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சர்க்கரை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தங்கவேலுவின் மொட்டைத்தலையும் குலுங்கியது. அன்று சாயங்காலம் கனகா பையோடு டெம்போவில் வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் கவுன்சிலர் கையெழுத்துப் போட்டார், மச்சான் நகராட்சி ஆபீஸில் சண்டை போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கால்வாயில் பாதியை நிஜமாகவே தூர் வாரிவிட்டார்கள். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

செல்வமணி அண்ணன் இப்போது தியாகதுருகம் பக்கம் மகனோடு இருக்கிறார். டிஷ் வந்தது, ஸ்மார்ட்போன் வந்தது, கேபிளைச் சுருட்டிவிட்டார். மண்டபத்தை இடித்துவிட்டுக் கார் ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். வேட்பாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை, ஆளுக்கொரு வாட்ஸ்அப் குரூப் வைத்து அதில் காலை வணக்கம் போடுகிறார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அதெல்லாம்கூடப் பெரிய குறையில்லை. செய்தியைப் பதிவு செய்து முடித்து, புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு நான் தெருவில் நடந்து போகும்போதுதான் அது ஒளிபரப்பாகும். எல்லா வீட்டிலும் அதே சேனல். முதல் வீட்டு ஜன்னலில் நான் ஆரம்பித்த வாக்கியம் நாலாவது வீட்டு ஜன்னலில் முடியும். ஒரு வீட்டில் நான் தடுக்கினால், அடுத்த வீட்டில் அதற்குச் சிரிப்பார்கள். வாசலில் நின்று, "நேரா வூட்டுக்குப் போயி வெந்நீர் குடி, தொண்ட கட்டியிருக்கு" என்று எதிர்வீட்டு அக்கா டி.வி.யிலிருக்கும் என்னைக் கேட்டுவிட்டுத் தெருவிலிருக்கும் என்னிடம் சொல்லும்.

நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போனேன். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். எல்லார் காதிலும் ஏதோ மாட்டியிருந்தது. தெருக்கோடிவரை நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.