மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்த பேப்பர்

நேற்று எங்கள் வீட்டுப் பேப்பர் மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தது.

முதல் தாளைக் காணோம். மாமனாரிடம் கேட்டேன்.

"இப்பல்லாம் அப்படித்தாம்மா போடுறான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மாமனார் பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். காலையில் ரேடியோவில் இங்கிலீஷ் நியூஸ், அப்புறம் பேப்பர், அப்புறம் டிவி, நடுநடுவே பழைய ரெஜிமெண்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப். எந்த நாடு எந்த நாட்டுக்குப் போர்க்கப்பல் விற்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. (வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு.

யார் எதைச் சொன்னாலும் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பார். "மாமா, கத்தரிக்காய் அரைக் கிலோ" என்றால், "கத்தரிக்கா அரைக் கிலோ. சரியா?" என்பார். பட்டாளத்தில் மெசேஜ் வாங்கினால் அப்படித்தானாம்.

இன்னொன்று, இரண்டு பக்கத்திலிருந்து வராத செய்தியை அவர் வாயால் சொல்லவே மாட்டார்.

சரி, பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். முந்தாநாள் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "இங்க கொஞ்சம் டென்ஷனா இருக்கு. கேம்ப்பை விட்டு வெளிய வரக்கூடாதுன்னுட்டாங்க. அப்பாகிட்ட சொல்லிடாத, பிரஷர் ஏறிடும்."

அதற்கப்புறம் போன் போகவே இல்லை.

பத்துத் தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் மாமாவுக்குத் தெரியக்கூடாதே. டிவி ஒயரை உருவிவிட்டு, "கேபிள் வரல மாமா" என்றேன். (அவர் கையிலும் போன் இருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.)

டிவி இல்லையென்றால் ஊரையே கூட்டுகிற மனிதர், "சரி, வர்றப்ப வரட்டும்" என்று ரேடியோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் குறுவை நெல், கொள்முதல் நிலையத்தில் முறை வருவதற்காகக் குவிந்து கிடக்கிறது. அதற்குக் காவல் அவர்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நேற்று மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

தார்ப்பாய் நிழலில் ரேடியோ. அதன் அடியில் மடித்து வைத்த பேப்பர் தாள். எங்கள் வீட்டு முதல் பக்கம்! பக்கத்தில் மாமாவோடு பட்டாளத்தில் டிரைவராக இருந்த ஜமால் பாய், காதில் போனை வைத்துக்கொண்டு, "லைன் எடுக்க மாட்டேங்குது ஹவில்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பரப்பியிருந்த நெல்லில் விரலால் ஒரு மேப். கடல், கரை, கரையோரம் ஒரு டீ டம்ளர்.

என்னைப் பார்த்ததும் மாமா டம்ளரை எடுத்துவிட்டு, நெல் தள்ளும் பலகையால் கடலையும் கரையையும் ஒரே இழுப்பில் அழித்தார்.

"நெல்லு காய வச்சிருக்கேம்மா."

காய்ந்து மூட்டைக்குக் காத்திருக்கிற நெல் அது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கும் தெரியும் மாமா. அழிக்காதீங்க. அவரு எங்க இருக்காருன்னு காட்டுங்க."

மாமா பலகையைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து மறுபடியும் வரைந்தார். டம்ளரை வைத்தார். "இது அவன் கேம்ப். குண்டு விழுந்தது இங்க. நம்ம ஊருக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்."

ஜமால் பாய்க்கு மனசு கேட்கவில்லை. "அட சொல்லிடுங்க ஹவில்தார். ஏம்மா, என் மச்சான் அதே ஊர்ல கடை வச்சிருக்கான். அந்த கேம்ப்புல யாருக்கும் ஒண்ணும் இல்ல, கேம்ப் பக்கம் டவர்தான் வேலை செய்யலன்னு காலையிலயே சொல்லிட்டான்."

"காலையிலயேவா?"

நான் கத்திய கத்தலில் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து நான் சோறு இறங்காமல் கிடக்கிறேன். இந்த மனிதர் நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நெல்லில் படம் போட்டிருக்கிறார்.

"ஒரு பக்கம்தாம்மா வந்துச்சு" என்றார் மாமா. "இன்னொரு பக்கம் வரட்டும்னு பாத்தேன். நல்லா இருக்கான்னு உன்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் அது தப்பாப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

டீ டம்ளரை எடுத்து, அதே இடத்தில் மறுபடியும் வைத்தார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. சாப்பாட்டைப் பிரித்தேன். யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம், மூட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நல்லா இருக்கேன்."

"திரும்பச் சொல்லு."

"நல்லா இருக்கேம்ப்பா. ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவை சொல்லு."

சத்தம் தெளிவாகத்தான் கேட்டது. எங்களுக்கே கேட்டது. ஆனாலும் மாமா சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெல்லுத் தூசி" என்றார் ஜமால் பாயிடம். அவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, ரொம்பத் தூசி" என்றார்.

போனில் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "அப்பா, அவகிட்ட எதுவும் சொல்லலல்ல? பயந்துடுவா" என்றார்.

(இன்று காலை அவருக்குத் தனியாகப் பூஜை நடந்தது. விவரம் வேண்டாம்.)

இன்று பேப்பர் முதல் பக்கத்தோடு வந்தது. டிவி ஒயரையும் மாட்டிவிட்டேன். காபியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன்.

"மாமா, இனிமே இந்த வீட்டுல எதையும் மறைக்கக் கூடாது."

"இனிமே இந்த வீட்டுல எதையும் மறைக்கக் கூடாது. சரியா?"

"சரி மாமா."

அவர் பேப்பரை இறக்கவே இல்லை.

"நீ திரும்பச் சொல்லலியே."

சொன்னேன் மக்களே, கையைக் கட்டிக்கொண்டு.

உங்கள் வீட்டில் முதல் பக்கத்தை ஒளித்து வைப்பவர் யார்?