திருட்டு முழி

தேனியில் இருக்கும் எங்கள் ஏலக்காய்க் கடையின் சர்வருக்குள் கூடலூர் கிளையிலிருந்து நுழைய முடியவில்லை. பாதுகாப்பு என்று பாஸ்வேர்டு வழியை அடைத்தவன் நான்தான். அதற்குப் பதிலாக வைத்த புதிய டிஜிட்டல் சாவியைச் சோதிக்க மறந்திருந்தேன். ஏலத்துக்கான சரக்கு விவரமெல்லாம் சர்வருக்குள் இருந்தது, ஏலமோ தொடங்கப்போகிறது. என் போனில் சார்ஜ் இல்லை. கிளைக்குச் சரக்கு ஏற்ற வந்த ஜீப் டிரைவரின் போனை வாங்கித் தேனிக் கடையைக் கூப்பிட்டேன். கணக்குப் பார்க்கும் அக்கா எடுத்தார்.

"அக்கா, சர்வர் முன்னாடி உக்காந்து நான் சொல்றத அடிங்க. அவசரம்!"

"நம்பர் புதுசா இருக்கே. அவசரம்னு சொல்றவுகள நம்பவே கூடாது தம்பி. வீடியோவுல மொகத்தக் காட்டு."

கோபத்தோடு காட்டினேன்.

"அந்தத் திருட்டு முழி உன்னோடதுதான். சொல்லு."

ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லி அடித்து, நான் அடைத்த வழியைத் திறந்துவிட்டார். உள்ளே நுழைந்தோம், ஏலத்தையும் தவறவிடவில்லை.

என்னை நம்பாததற்காக ஒருவரை நான் இவ்வளவு மதித்தது அன்றுதான்.